மூணாம் நம்பர்

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கேள்வி உண்டு. "மூணாம் நம்பர் ஆச்சா?" கேட்பது நான். பதில் சொல்ல வேண்டியவள் என் பெண்டாட்டி சொர்ணாம்பாள். ஆச்சு என்பாள். மனசு சரியில்லாத நாளாக இருந்தால், நீங்கள் கேட்காவிட்டால் எனக்கு மறந்துவிடுமாக்கும் என்று ஒரு முறை முறைப்பாள். விருந்துக்கு வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். என் சகலை ஒருத்தர், நான் கேரளா லாட்டரி வாங்குகிறேன் என்றே முடிவு கட்டி, எந்தக் கடையில் வாங்குகிறேன் என்று என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் விசாரித்தார்.

மூணாம் நம்பர் என்றால் லித்தியம். பள்ளிக்கூடச் சுவரில் தனிம அட்டவணை என்று ஒன்று தொங்குமே, அதில் ஹைட்ரஜன் ஒன்று, ஹீலியம் இரண்டு, லித்தியம் மூன்று. கெமிஸ்ட்ரி டீச்சர் வைத்த பேர் வேறெப்படி இருக்கும்? மாத்திரையின் பேர் என் அப்பா அம்மா காதில் விழக்கூடாது என்பதற்காக வைத்தது. அவர்கள் காலம் முடிந்த பிறகும் அந்தப் பேர் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

என் பேர் சிவசண்முகம். சேரன்மகாதேவியில் பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று மடிப்புக் கலையாத சட்டையோடு போய்வருகிறவர்கள். நான் ஒருத்தன்தான் கிரீஸ் கையோடு சோற்றுக்கு வருகிறவன். இதைச் சொல்லிக்காட்டாத சொந்தக்காரர் இல்லை. ஆனால் சொர்ணம் ஒரு நாளும் சொன்னதில்லை. அத்தை மகள் என்பதால் சின்ன வயசிலிருந்தே என் கையைப் பார்த்துப் பழகியவள்.

அவள் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வில் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பொடி கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். சொர்ணத்திடம் படித்த பிள்ளை அதில் தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பேர் உப்பு டீச்சர். அவளுக்கும் அது தெரியும். உள்ளுக்குள் பெருமைதான், வெளியே கோபப்படுவாள்.

இந்த உப்பு டீச்சரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெண்டாட்டியைப் பற்றிப் புருஷன் பெருமை பேசினால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் மகள் ப்ரியா இரண்டாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் அது முதன்முதலாக வந்தது. பங்குனி மாதம். சொர்ணம் தூக்கத்தை விட்டாள். தூக்கம் வராமல் தவிக்கவில்லை, தூக்கமே தேவைப்படவில்லை. விடிவதற்குள் வீட்டைக் கழுவி, இட்லி அவித்து, பத்துப் பிள்ளைகளை வரவழைத்துப் பாடமும் நடத்திவிடுவாள். பேச்சு ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், நமக்குத்தான் மூச்சு வாங்கும். ஆரம்பத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். இவ்வளவு சுறுசுறுப்பான மருமகள் யாருக்கு வாய்க்கும் என்று அம்மாகூடச் சொன்னாள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து மண்ணெண்ணெயில் போட்டு வைத்திருந்த சோடியம் ஜாடியை எடுத்துக்கொண்டு, வகுப்பையே கூட்டிக்கொண்டு தாமிரபரணிக்குப் போய்விட்டாள். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் எரியும். அதைப் பட்டாணி அளவு வெட்டிக் கண்ணாடித் தொட்டியில் போட்டுக் காட்டுவதுதான் முறை. பிள்ளைகள் எத்தனை நாள் பட்டாணியையே பார்ப்பார்கள் என்பது அவள் கேள்வி. கட்டி கட்டியாக ஆற்றில் போட்டாள். மஞ்சளாய் நெருப்பு எழும்பி, வெடிச் சத்தம் கேட்டு, குளித்துக்கொண்டிருந்தவர்கள் துணியை விட்டுவிட்டு ஓடினார்கள். கடவுள் புண்ணியம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கடைசிப் படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மேல்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், மோட்டாருக்குத் தங்கக் கம்பியில் காயில் கட்டினால் என்ன என்று எனக்கு வகுப்பெடுத்தாள்.

தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர். மருத்துவ விடுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு விஷயத்தை அமுக்கிவிட்டார். ஆனால் ஊர் வாயை யார் அமுக்குவது? ஆற்றுக்குத் தீ வைத்த டீச்சர் என்று அம்பாசமுத்திரம் வரை பேச்சு போய்விட்டது.

ஆடி பிறப்பதற்குள் எல்லாம் தலைகீழானது. சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை, தலை வாரவில்லை. ப்ரியா பக்கத்தில் போய் நின்றால் கண்ணை மூடிக்கொள்வாள். ப்ரியாவுக்கு நான்தான் சடை பின்னி அனுப்பினேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கைதானே, இரண்டு சடையும் ஒரே இறுக்கத்தில் விறைத்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்களாம். அவள் அதை என்னிடம் சொன்னது வெகு காலம் கழித்து.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டி, மாத்திரை சாப்பிட்டுச் சரியானாள். சரியானதும் மாத்திரையை நிறுத்தினோம். சரியான பிறகு எதற்கு மருந்து என்று எல்லாரும் சொன்னார்கள், எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்தது. மேலே ஏறியது கொஞ்ச நாள், கீழே விழுந்தது ரொம்ப நாள். அதை விளக்கி எழுத எனக்கு மனசு வரவில்லை. தோட்டத்துக் கிணற்றங்கரையிலிருந்து அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதன் பிறகுதான் டாக்டர் எப்சியிடம் போனோம். அந்த அம்மா அப்போது பாளையங்கோட்டையில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்தார். சின்ன உருவம், கறாரான பேச்சு. லித்தியம் என்ற பேரைச் சொன்னதும், அதுவரை தலைகுனிந்திருந்த சொர்ணம் நிமிர்ந்து, "தனிமமாவா?" என்று கேட்டாள். கார்பனேட் உப்பாக என்றார் டாக்டர். அன்றைக்கு இரண்டு பேரும் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்.

"இது காய்ச்ச மாத்திரை மாதிரி வந்த பெறவு போடுதது இல்ல," என்றார் டாக்டர். "வராம இருக்கதுக்குப் போடுதது. நல்லா இருக்கும்போதும் போடணும். நல்லா இருக்கும்போதுதான் முக்கியமாப் போடணும்."

அளவு குறைந்தால் பலனில்லை, கூடினால் விஷம், நடுவில் இருக்கிற இடம் ரொம்பக் குறுகல் என்றும் சொன்னார். அதனால் ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பார்க்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சாப்பாட்டு உப்பைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எல்லாம் முதல் நாளே சொன்னதுதான். உப்பு போட்டுச் சாப்பிடுகிற வீட்டில் உப்பைப் பற்றிய அறிவுரை எத்தனை நாள் நினைவிருக்கும்?

அன்று ஆரம்பித்த மாத்திரை, பதினேழு வருஷம். ஒரு மாத்திரையை விழுங்குவதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் கேட்கலாம். நோய் இருக்கும்போது மருந்து சாப்பிட யாராலும் முடியும். ஒரு நோவும் இல்லாத நாளில், நாம் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றுக்காக, கை நடுங்கவும் நாக்கு வறளவும் செய்கிற மாத்திரையைத் தினமும் எடுத்து வாயில் போடுவது வேறு விஷயம். நான் என்றால் மூன்றாம் மாதமே விட்டிருப்பேன். எனக்குச் சர்க்கரை மாத்திரையே வாரத்தில் பாதி நாள் மறந்துபோகும்.

அவளுக்குத் தாகம் அடங்காது. ஒரு பெரிய பாட்டில் எப்போதும் தோளில் தொங்கும். விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் வந்தது. பியூரெட்டைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுகிற வேலையை அவளால் முன்போல் செய்ய முடியவில்லை. உடனே பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, தான் பின்னால் நின்று வாயால் சொல்லியே செய்ய வைத்தாள். அதனால்தான் அவள் பிள்ளைகளுக்குக் கை பதமாக வந்தது என்பது என் கட்சி. உடம்பு பெருத்தது. ஜாக்கெட்டுகளை எல்லாம் பிரித்துத் தைத்தாள். சொந்தக்காரிகள், புருஷன் சம்பாத்தியம் உடம்பில் தெரிகிறதே என்றார்கள். சிரித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவை, ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள். அந்தப் பங்குனி மாதத்தில் இந்த ஆறு தனக்கு மட்டும் ஓடியது போல இருந்ததாம். அப்படி ஒரு வெளிச்சம் பிறகு வரவே இல்லையாம். போகட்டும் என்று அவளே சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

இந்தப் பதினேழு வருஷத்தில் அவள் படிப்பித்த பிள்ளைகள் நர்ஸாக, டீச்சராக, மருந்துக்கடைக்காரியாக ஊரெல்லாம் இருக்கிறார்கள். பத்தமடை ஸமீஹா பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சொர்ணத்தின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதே அவள்தான். டீச்சருக்கு என்ன மாத்திரை என்று எங்களைத் தவிர வெளியே தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். ரிசல்ட் வந்ததும், டீச்சர் பாஸ் என்று போனில் சொல்வாள்.

இனி போன வருஷத்துக்கு வருகிறேன்.

ப்ரியா கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது உண்டாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஐப்பசியில் என் அக்கா கோமதி வந்தாள். அக்கா நல்லவள், ஆனால் தான் நினைத்தது நடக்கும் வரை எதிராளியை உட்காரவும் விடமாட்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமானால் பிள்ளையைச் சுமக்கிறவளைப் பெற்றவள் திருச்செந்தூரில் சஷ்டி விரதம் இருக்க வேண்டும் என்றாள். சொர்ணம் என்னைப் பார்த்தாள். பாலும் பழமும் சாப்பிட்டு ஆறு நாள் இருப்பது அவளால் முடியும் என்று எனக்கும் தோன்றியது. மாத்திரையை மட்டும் விடாதே என்றேன். அவள் விடவில்லை. வந்த வினை அதுதான், அவள் மாத்திரையை விடவே இல்லை.

திருச்செந்தூரில் எங்கள் வகையறா எடுத்திருந்த மண்டபத்தில் பெண்கள் எல்லாம் கூட்டமாகத் தங்கினார்கள். அங்கே போன பிறகுதான் அக்கா விரதத்தைக் கடுமையாக்கினாள். ஒரு வேளை மட்டும் பச்சரிசிச் சோறு, அதுவும் உப்பில்லாமல். நம் பக்கத்தில் உப்பில்லா விரதம் புதிதல்ல. பெரிய வேண்டுதல் என்றால் முதலில் விடுவது உப்பைத்தான். போதாததற்கு, அத்தனை பெண்களுக்கு அங்கே இருந்த கழிப்பறைகள் போதாது. வரிசையில் நிற்பதற்குப் பயந்து சொர்ணம் தண்ணீரையும் குறைத்துவிட்டாள். வெயிலோ ஐப்பசி என்று பார்க்காமல் கொளுத்தியது. எதிரே கடல் முழுக்க உப்பு, இவள் உடம்பில் மட்டும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் கடையை அடைத்துவிட்டு நான் பார்க்கப் போனேன். அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா திருநீறு நீட்ட, சொர்ணம் கையை நீட்டினாள். கை அப்படி ஆடியது. வழக்கமான மெல்லிய நடுக்கம் இல்லை, முழங்கையிலிருந்து உதறியது. திருநீறு மடியெல்லாம் கொட்டியது. எழுந்திருக்கப் பார்த்தவள் குடித்தவர்களைப் போலத் தள்ளாடினாள். காலையிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு வேறு. அக்கா முகத்தில் கவலையே இல்லை. முருகன் சோதிக்கிறான், இன்னும் இரண்டு நாள்தான், தாங்கிக்கொள்வாள் என்றாள்.

பழைய நோய் திரும்பிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே வந்து டாக்டர் எப்சிக்குப் போன் போட்டேன். கை, நடை, பேச்சுக் குழறல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாப்பாட்டுல உப்பு உண்டா?"

பின்னாலேயே வந்து நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்து அதையே கேட்டேன். "சஷ்டிக்கு உப்பா?" என்றாள் அக்கா, ஏதோ கறி தின்றாயா என்று கேட்டுவிட்டது போல. அது டாக்டர் காதிலும் விழுந்துவிட்டது. அடுத்த மாத்திரை கொடுக்காதீர்கள், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் புறப்பட்டு வாருங்கள் என்றார்.

வாடகைக் காரில் ஸ்ரீவைகுண்டம் வழியாகப் பாளையங்கோட்டை. அக்காவும் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் சொர்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நாக்கு புரளவில்லை. ஆற்றை ஒட்டி வண்டி போகும்போது அவள் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டேன். அப்படியும் உள்ளே கிடந்து ஆடியது. பதினேழு வருஷமாக நான் பயந்தது இந்த மாத்திரையை அவள் விட்டுவிடுவாளோ என்றுதான். அதுவே அவளைக் கொண்டுபோய்விடும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ரத்தத்தில் லித்தியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடனே சலைன் ஏற்றினார்கள். சலைன் என்றால் உப்புத் தண்ணீர்தானே, சஷ்டி விரதம் நரம்பு வழியாக முறிந்தது. டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். உப்பு குறைந்தால் சிறுநீரகம் இருக்கிற உப்பை வெளியே விடாமல் இழுத்து வைத்துக்கொள்ளும். அதற்குச் சாப்பாட்டு உப்புக்கும் லித்தியத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்து இழுத்து வைத்துக்கொண்டது. மாத்திரை எப்போதும் போல ஒன்றுதான், உடம்புக்குள் அது பலதாகிவிட்டது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

நாக்கு தெளிந்த அன்றைக்குச் சொர்ணம் முதலில் பார்த்தது தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலை. கண்ணை இடுக்கி அதில் எழுதியிருந்ததைப் படித்தாள். சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

"அத்தான், அட்டவணையில லித்தியத்துக்கு நேர் கீழ என்ன இருக்கு தெரியுமா?"

"எனக்கு எங்கன தெரியும்?"

"சோடியம். ஒரே வீட்டுப் பிள்ளைகன்னு வருஷா வருஷம் நான்தான் சொல்லிக்குடுக்கேன். ஒண்ணு செய்யுதத இன்னொண்ணும் செய்யும்னு போர்டுல எழுதிப் போடுதேன். என் உடம்புக்குள்ள வந்ததும் மறந்துட்டேன் பாருங்க. நான் உப்பு டீச்சராம்."

வீட்டுக்கு வந்தோம். ஆபத்து தாண்டியது, ஆனால் உண்மையான சங்கடம் அதன் பிறகுதான். அளவு முழுசாக இறங்கும் வரை மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தார் டாக்டர். சிறுநீரகத்துக்குப் பழுதில்லை, அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பிக்கலாம், யோசித்து வாருங்கள் என்று அனுப்பியிருந்தார். இந்த இடைவெளியில் சொந்தம் பூராவும் வீட்டில் கூடிவிட்டது. இத்தனை வருஷம் மறைத்து வைத்தது ஒரே வாரத்தில் சபைக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தர் தென்காசியில் மூலிகை என்றார், இன்னொருத்தர் மூச்சுப் பயிற்சி என்றார். எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, அந்த விஷத்தை இனி தொடக்கூடாது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ப்ரியா வயிற்றில் கைவைத்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் பயம்தான். மாத்திரை என்றாலும் பயம், மாத்திரை இல்லை என்றாலும் பயம். மண்டபத்தில் அவள் கை உதறியதும் என் கண்ணில் நின்றது, அந்தக் கிணற்றங்கரையும் நின்றது. எது வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால் ஓடிப்போயிருப்பேன். நல்லவேளை, யாரும் என்னைக் கேட்கவில்லை.

அக்காதான் நேராகக் கேட்டாள். "பதினேழு வருஷமா ஒண்ணும் வரலல்லா? நோய் போயிட்டுன்னுதான அர்த்தம்? பெறவு எதுக்கு அந்தச் சவத்த முழுங்குத?"

சொர்ணம் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு மேலே கூரை ஓடுகளைக் காட்டினாள்.

"மதினி, இந்த ஓடு போட்டு எத்தன வருஷம் ஆச்சு? ஒரு சொட்டு ஒழுகல. அதுக்காக மழையே இல்லன்னு ஓட்டப் பிரிச்சிருவீங்களா?"

சொர்ணம் ப்ரியா பக்கம் திரும்பினாள்.

"மூணாங்கிளாஸ்ல உனக்கு யாரு சடை பின்னுனா?"

ப்ரியா என்னைப் பார்த்தாள். "அப்பா."

"அம்மா எங்க போயிருந்தா?"

ப்ரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உம் பிள்ளைக்கு ஆச்சிதான் பின்னணும். கை கொஞ்சம் நடுங்கும், கோணலாத்தான் வரும். ஆனா நான்தான் பின்னுவேன். சுவரப் பாத்துப் படுத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

தென்காசி மூலிகைக்காரர் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் டாக்டரிடம் போய்க் குறைந்த அளவில் ஆரம்பித்தாள். துணைக்கு வருகிறேன் என்று தானாகவே கிளம்பியது கோமதி அக்கா. போன இடத்தில் மோருக்கு உப்பு போடலாமா, ஊறுகாய் ஆகுமா, அப்பளம் ஆகுமா என்று டாக்டரைப் பிய்த்து எடுத்துவிட்டாள். எப்போதும் சாப்பிடுகிற அளவுதான், ஏற்றவும் வேண்டாம் இறக்கவும் வேண்டாம், விரதமோ வயிற்றுப்போக்கோ எது வந்தாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

அரையாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் இருக்கும். கடையில் மோட்டாரை இறக்கிவைத்த பூதத்தான் என்கிற வயற்காட்டுச் சம்சாரி, இறக்கிய பிறகும் போகாமல் நின்றார். என்ன வேணும் என்றேன்.

"அண்ணாச்சி, டீச்சர் கிளாஸ்ல சொன்னாகளாம். எம்மவ வந்து சொன்னா."

பதினேழு வருஷம் கட்டிக்காத்ததை இவள் என்ன செய்துவிட்டாள்? பூதத்தான் மகள் சொன்னது இதுதான். பிளஸ் ஒன்னில் முதல் தொகுதித் தனிமங்கள் பாடம். டீச்சர் போர்டில் லித்தியத்தை எழுதி, அதற்குக் கீழே சோடியத்தை எழுதி, இந்த லித்தியத்தைத்தான் நான் தினமும் சாப்பிடுகிறேன் என்று ஆரம்பித்திருக்கிறாள். மனசு அளவுக்கு மீறி ஏறுவதும் இறங்குவதுமான ஒரு நோய் தனக்கு உண்டு, அது திரும்ப வராமல் இருக்க இந்த மாத்திரை, ஆற்றில் சோடியம் போட்டதும் தான்தான் என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். சஷ்டியில் உப்பை விட்டதையும் சொல்லி, அதை ஒரு கேள்வியாகவே கேட்டிருக்கிறாள், லித்தியத்தின் அளவு ஏன் கூடியது என்று. பதில் சொன்னது பூதத்தான் மகள்.

"அதுக்கில்ல அண்ணாச்சி," என்றார் பூதத்தான், குரலைத் தாழ்த்தி. "எங்க வீட்டுலயும் ஒரு ஆளு இப்பிடித்தான் கெடக்கு. என் தம்பி. கோயில் கோயிலாக் கொண்டுபோயாச்சு. அந்த டாக்டரம்மா இருக்க எடத்தச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் போன பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. ஆற்றுக்குத் தீ வைத்த டீச்சர் என்று சொன்ன ஊர்தான் இது. என் பெண்டாட்டியை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மாசியில் ப்ரியாவுக்குப் பெண் பிறந்தது. தலை நிறைய முடி. சொர்ணத்துக்கு அதில் இருந்த சந்தோஷம் பிள்ளையின் நிறத்திலோ எடையிலோ இல்லை, பின்னப் போகிற அந்த முடியில்.

இந்த வருஷம் சஷ்டி வந்தது. வேண்டுதல் பாதியில் நிற்கிறதே என்று சொர்ணத்துக்கு ஒரே குறை. முதலில் டாக்டரைக் கேட்டாள். மூன்று வேளையும் உப்புப் போட்டுச் சாப்பிட்டு, தண்ணீரும் வழக்கம்போலக் குடித்துக்கொண்டு வேறெதை வேண்டுமானாலும் விடுங்கள் என்றார் அவர். ஆறு நாளும் என்னைத் திட்டுவதை விடுகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். இதைவிடக் கடுமையான விரதத்தை எங்கள் வகையறாவில் யாரும் இருந்ததில்லை.

அதே மண்டபம். அக்காவும் கூட. கடைசி நாள் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு நானும், பிள்ளையோடு ப்ரியாவும் அங்கே போனோம். கூட்டம் கூட்டமாகப் பெண்கள் விரதக் களைப்போடு உட்கார்ந்திருந்தார்கள். சொர்ணம் நடுக்கூடத்தில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இலையோரத்தில் ஊறுகாய். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாள் பொறுக்கமாட்டாமல், சஷ்டியில் உப்பும் புளியுமா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. சொர்ணத்தின் கை இலையில் அப்படியே நின்றது. நான் வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தவன், என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்தேன். பல வருஷத்துப் பழக்கம், பொய்தான் முதலில் நாக்கில் வந்தது.

அதற்குள் கோமதி அக்கா எழுந்துவிட்டாள். கையில் மோர்த் தம்ளர். "அவ சாப்பிடுத மருந்துக்கு உப்பு வேணும். போன வருஷம் நான்தான் தெரியாம நிறுத்திட்டேன், சாகக் கெடந்தா. மனசு நிலையா நிக்கதுக்கு மருந்து அது. அதச் சாப்பிட்டுக்கிட்டுத்தான் ஆயிரம் பிள்ளைகளப் படிக்க வச்சிருக்கா. எங்க வீட்டுல அவ இருக்கது எங்களுக்குப் பெரும." அந்த அம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா மோரைச் சொர்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, பேத்தியை மடியில் வாங்கி, அந்தச் சின்னத் தலையில் விரலை விட்டுக் கோதினாள். விரல் நடுங்கியது. பிள்ளை அதைப் பிடித்து இழுத்து விளையாடியது.

எனக்கு ஞாபகம் வந்தது. வழக்கம்போல மூணாம் நம்பர் ஆச்சா என்று கேட்க வாயெடுத்தேன். எனக்கு முன்னால், மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சொர்ணம், லித்தியம் போட்டியா?"

"போட்டாச்சு மதினி," என்றாள் சொர்ணம், அதே சத்தத்தில்.